செஞ்சி நாட்டுப் பாட்டு

செஞ்சி என்றவுடன் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் அவற்றை வளைத்து நிற்கும் மதிலுமே பலர்க்கும் நினைவு வரும். அச்சிறு நாட்டுக்கு உயரிய பாட்டு மரபும் உண்டு.

தேசிங்கு மன்னன் செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட அன்று. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டார், தேசிங்கு மறுத்தான், 1714ஆம் ஆண்டு போர்க்களத்தில் மாண்டான். சரித்திர நூலில் இது சில வரிச் செய்தி. நாட்டுப் பாடகரிடமோ இது நெடுங்கதை. அங்கே கப்பக் கணக்குக்கு இடம் சிறிது. மணக்கோலத்தைக் களைந்து நண்பனுக்காகக் களம் புகுந்த முகமதிய வீரன் மோவுத்துக்காரனுக்கே இடம் பெரிது. சமயம் வேறாயினும் நட்பு ஒன்றே என்பதை எழுத்தறியா உழவர்க்கு உணர்த்தியது பள்ளிக்கூடம் அன்று, பாட்டே. 1960இல் இக்கதை திரைப்படமாகவும் வந்தது.

செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதியம்மன் வழிபாட்டுக்குப் பேர்போனது. இவ்வட்டாரத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கம்; இரவில் தெருக்கூத்து. மிருதங்கம், தாளம், ஆர்மோனியம், முகவீணை இவையே பக்கவாத்தியங்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஊர்க் கோடிவரை கேட்கப் பாடிய குரல்கள் அவை!

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் இரவில் ஊஞ்சல் உற்சவம் நடைபெறும். பம்பையும் உடுக்கையும் முழங்கும். பம்பை இரட்டை முழவு. ஒன்று மரத்தாலும் மற்றொன்று பித்தளையாலும் ஆனது. உடுக்கையின் இடைக்கயிற்றை இறுக்கினால் நாதம் உயரும், தளர்த்தினால் தாழும். ஒலியின் இயல்பைக் கற்பிக்க ஆசிரியர்க்கு இதனினும் நல்ல கருவி வேண்டுமோ?

2025இல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. மகிழ்ச்சியே. கல்லுக்குக் காவல் கிடைத்தது. பாட்டுக்குக் காவல் யார்? மதில் இடிந்தால் கல்லை எடுத்துக் கட்டலாம். பாடுவோன் மறைந்து, கற்றுக்கொண்டவன் ஒருவனும் இல்லையேல், எதை எடுத்துக் கட்டுவது? கூத்தும் பம்பையும் குருவின் அருகிருந்து பயில வேண்டிய கலைகள். பயிற்சிக்கு ஆண்டுகள் பல வேண்டும். வருவாயோ திருவிழாக் காலத்தோடு முடிந்துவிடும். பிள்ளைகள் வேறு தொழில் நாடினால் அவர்களை நோவதில் பயன் இல்லை.

நாம் செய்யத்தக்கது எளிது. கோட்டை காண மாணவரை அழைத்துவரும் பள்ளிகள் ஒரு நாழிகை கதைப்பாட்டையும் கேட்பிக்கட்டும். பாடியவர்க்கு முறையான ஊதியமும் தரட்டும். ஆண்டு விழா மேடையில் அவருக்கும் ஓர் இடம் இருக்கட்டும். கேட்போர் உள்ளவரை பாடுவோர் இருப்பர்.