கணிதத் தேர்வில் நீதி: எந்தத் தாள் எந்தப் பிள்ளைக்கு?



2015 ஆம் ஆண்டு யூன் 4 ஆம் நாள் நடைபெற்ற எடெக்செல் ஜி.சி.எஸ்.ஈ. கணிதத் தேர்வில், ஹன்னா என்னும் சிறுமியின் இனிப்புப் பை பற்றிய வினா ஒன்று இடம்பெற்றது. பையில் 6 இனிப்புகள் செம்மஞ்சள் நிறத்தவை, எஞ்சியவை மஞ்சள். அடுத்தடுத்து எடுத்துண்ட இரண்டும் செம்மஞ்சளாக இருப்பதற்கான நிகழ்தகவு மூன்றில் ஒன்று. இதனைக் கொண்டு, மொத்த இனிப்புகளின் எண்ணிக்கைக்குரிய இருபடிச் சமன்பாட்டை நிறுவுமாறு கேட்கப்பட்டது. அச்சமன்பாட்டைத் தீர்த்தால் விடை 10. வினா நீதியற்றது என மாணவர்கள் குமுறினர்; ஆயிரக்கணக்கானோர் மனுவில் ஒப்பமிட்டனர்.

வினாவுக்கு வேண்டிய நிகழ்தகவும் அட்சரகணிதமும் பாடத்திட்டத்தில் இருந்தவையே. இரண்டையும் இணைத்துப் பழகிய பிள்ளைக்கு அது சில நிமிட வேலை. பழகாத பிள்ளைக்குத் தொடக்கமே புலப்படாது. கடினமான வினா அநீதியன்று. திறமையை இனங்காண அதுவும் வேண்டும். எந்தப் பிள்ளையின் முன் அது வைக்கப்படுகிறது என்பதிலேயே நீதி தங்கியுள்ளது.

இங்கிலாந்தில் 2017 முதல் கணிதத் தேர்வு 9 முதல் 1 வரையான தரங்களில் அளவிடப்படுகிறது. அடிப்படைநிலை, உயர்நிலை எனத் தாள்கள் இருவகை. அடிப்படைநிலையில் எத்துணைச் சிறப்பாக எழுதினும் தரம் 5 இற்கு மேல் கிட்டாது. உயர்நிலையிலோ பாதிப் புள்ளிகள் 7, 8, 9 ஆகிய தரங்களுக்குரியவை. அங்கு தரம் 3 ஐயும் எட்டாத பிள்ளை தரமெதுவுமின்றியே திரும்பும். தரம் 4 கிட்டாதோர் 16 வயதின் பின்னரும் கணிதத்தைத் தொடர்ந்து கற்றல் வேண்டும்.

இவ்விடத்தில் இரு தவறுகள் நேரக்கூடும். அயலார் பிள்ளை உயர்நிலை எழுதுகிறது என்பதற்காகத் தம் பிள்ளையையும் அதில் அமர்த்தும்படி பெற்றோர் வற்புறுத்துவது ஒன்று. அண்மையில் வந்து சேர்ந்த பிள்ளையின் ஆங்கிலத் தடுமாற்றத்தைக் கணித அறியாமையெனப் பாடசாலை கருதி, அடிப்படைநிலையில் ஒதுக்கிவிடுவது மற்றொன்று. முன்னதில் எட்டக்கூடிய தரமும் கைநழுவும். பின்னதில் உயர்தரக் கணிதத்துக்கும் பொறியியலுக்குமான வாயில் அடைபடும்.

ஆகவே, பத்தாம் ஆண்டிலேயே பெற்றோர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். பிள்ளை எந்த நிலையில் சேர்க்கப்பட்டுள்ளது? ஏன்? எதுவரை அதனை மாற்றலாம்? இருவகைப் பழைய வினாத்தாள்களையும் வீட்டில் பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்தால், விடை பெருமளவு தெளிவாகும். தேர்வு முடிந்தபின் எழுப்பும் நூறு முறைப்பாடுகளிலும் உரிய காலத்தில் கேட்கும் ஒரு வினாவே பயன் தரும்.