இயந்திரத்தைப் பிடித்தால் போதுமா?

டிக்கெட்டை மொத்தமாக வாரிக்கொண்டு போகிறவனை ஒழிக்க, இயந்திரத்தைத் தடுத்தால் போதும் என்கிறது எதிரணி. இல்லை, அவன் லாபத்தைத் தடுக்க வேண்டும் என்கிறோம் நாங்கள். 'அமெரிக்காவில் சட்டம் வந்தது, கொள்ளை போச்சு' என்று தங்கை முழங்கிவிட்டு உட்கார்ந்தது. எங்கேம்மா போச்சு?

நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்று ஓர் அரங்கம். யூ2 இசைக்குழுவின் கச்சேரிக்கு 2014 டிசம்பரில் இணையத்தில் டிக்கெட் விற்பனை. ஆளுக்கு நாலுதான் என்று கட்டுப்பாடு. ஒரே தரகர், ஒரே நிமிஷம், 1,012 டிக்கெட்! (கைதட்டல்) கையால் தட்டியா வாங்கினான்? 'பாட்' என்று ஒரு நிரல். நாம் நம்ம பேரை அடித்து முடிக்கிறதுக்குள்ளே, அது நூறு பேராக வேஷம் கட்டி வரிசையில் நின்றுவிடும். 2016 ஜனவரியில் அந்த மாநில அட்டர்னி ஜெனரலே அறிக்கையில் சொன்ன கணக்கு ஐயா இது.

'ஹாமில்டன்' நாடகத்தை எழுதி நடித்த லின் மானுவல் மிராண்டாவே சட்டம் வேண்டும் என்று குரல் கொடுத்தார். அந்த டிசம்பரில் ஒபாமா கையெழுத்துப் போட்டார். நல்ல சட்டம்தான். நிரலை ஏவிக் கட்டுப்பாட்டை உடைத்தால் குற்றம். அப்படி வந்த டிக்கெட் என்று தெரிந்தே விற்றாலும் குற்றம். ஆனால் 100 டாலர் டிக்கெட்டை 1,000 டாலருக்கு விற்காதே என்று அதில் ஒரு வரி உண்டா? கிடையாது!

சரி, முதல் வழக்கு எப்போது? 2021 ஜனவரியில்! கும்பகர்ணன்கூட ஆறு மாசத்துக்கு ஒரு தரம் எழுந்திருப்பான் ஐயா! (சிரிப்பு, பலத்த கைதட்டல்) மூன்று தரகு நிறுவனங்கள், ஒன்றரை லட்சம் டிக்கெட்டுக்கு மேலே. விதித்த தொகை 3 கோடியே 10 லட்சம் டாலர். கட்ட வழியில்லை என்றார்கள். 37 லட்சத்தோடு விட்டார்கள். காசு சேர்த்து வைத்துக் கணினி முன்னால் ராத்திரியெல்லாம் உட்கார்ந்த ரசிகனுக்கு இதில் என்ன கிடைத்தது?

அயர்லாந்துக்கு வாருங்கள். யூ2 பிறந்த மண்ணே அதுதான்! 2021-இல் அங்கே ஒரு சட்டம். அரசு குறித்துக் கொடுத்த நிகழ்ச்சிகளுக்கும் அரங்குகளுக்கும் டிக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் மறுவிற்பனை கூடாது. முடிந்தது கதை! போட்ட காசுக்கு மேல் ஒரு பைசா வராது என்றால், 1,012 டிக்கெட்டை வாங்கி அவன் வீட்டுச் சுவரிலா ஒட்டப்போகிறான்?

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன் நடுவர் அவர்களே.