இல்ல அலுவலகத்துக்கு ஏற்ற லேசர் அச்சுப்பொறி



பிழைப்பின் பொருட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவருள் சிலர், இன்று வீட்டின் ஓர் அறையையே அலுவலகமாக்கிக்கொண்டு கணக்கெழுதியும் மொழிபெயர்த்தும் பாடம் கற்பித்தும் வருகின்றனர். வாடிக்கையாளர் காத்திருக்கும் வேளையில் அச்சுப்பொறி நின்றுவிட்டால் நம் வாக்குத் தவறுகிறது. ஆகவே அதைத் தேர்ந்து வாங்குதல் வேண்டும்.

மையால் அச்சிடும் பொறி வண்ணப் படங்களுக்கு ஏற்றது. ஆயினும் கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குச் சென்று திரும்பினால், அதன் நுண்துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்வதுண்டு. லேசர் பொறியில் இத்தொல்லை இல்லை. அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் என்பார் 1969ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய முறை இது. ஒளிக்கற்றை, மின்னேற்றம் பெற்ற உருளையின்மீது எழுத்தை வரைகிறது. டோனர் என்னும் உலர்ந்த தூள் அவ்வெழுத்தில் ஒட்டித் தாளுக்கு மாறுகிறது. வெப்ப உருளை அதனை உருக்கிப் பதிக்கிறது.

வாங்குமுன் பொறியின் விலையோடு பக்கத்தின் விலையையும் கணக்கிடுவோம். ஒரு பொறிக்கு 3,000 ரூபாய் டோனர் 1,500 பக்கம் தருவதாகக் கொள்வோம்; பக்கத்துக்கு 2 ரூபாய். மற்றொன்று 4,000 ரூபாய் கூடுதல் விலை. ஆனால் அதே விலை டோனர் 3,000 பக்கம் தருகிறது. பக்கத்துக்கு 1 ரூபாய். மாதம் 400 பக்கம் அச்சிடுவோர்க்குப் பத்தே மாதத்தில் அக்கூடுதல் விலை திரும்பிவிடும். பொறியோடு வரும் முதல் டோனர் பெரும்பாலும் முழு அளவினதன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். சில பொறிகளில் உருளையைத் தனியே மாற்ற நேரும். அச்செலவையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

அடுத்து, நாம் வாழும் நகரிலேயே பழுதுபார்க்கும் நிலையம் உண்டா, ஆள் வீட்டுக்கு வருவாரா, டோனர் அருகிலுள்ள கடையிற் கிடைக்குமா என வினவ வேண்டும். மாற்றலாகிச் செல்லும் உத்தியோகத்தார்க்கு எங்கும் கிடைக்கும் டோனரே நலம். கடையில் சிறிய தமிழ் எழுத்தில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்ப்பதும் நன்று. மெய்யெழுத்தின் புள்ளியும் ணகரத்தின் சுழியும் தெளிவாக விழ வேண்டும்.

வாங்கிய பின் இரண்டு எச்சரிக்கைகள். வெப்ப உருளை மிகுதியான மின்சாரத்தை இழுப்பதால், கணினிக்கென வைத்த சிறிய யூ.பி.எஸ். கருவியில் பொறியை இணைத்தலாகாது. மும்பை, கொல்கத்தா மழைக்காலத்தில் தாள் ஈரம் உறிஞ்சிச் சிக்கிக்கொள்ளும்; பிரித்த கட்டை உறையிலிட்டு மூடிவைத்தல் வேண்டும்.

இவ்வாறு ஆய்ந்து வாங்கினால், பொறி நம் தொழிலுக்குப் பல்லாண்டு துணைநிற்கும்.