வயது ஓடட்டும், நாமும் ஓடுவோம்

(சேத்தியாத்தோப்பில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



‘ஐம்பதைத் தாண்டியாச்சு, இனி என்ன விளையாட்டு?’ என்று நம் ஓய்வறையில் அடிக்கடி ஒரு பேச்சு எழும். அதற்குப் பதிலாகச் சிலரை உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

சண்டிகரைச் சேர்ந்த மான் கவுர் 93 வயதில்தான் ஓடத் தொடங்கினார். 2017இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரை 74 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அரியானாவின் பகவானி தேவி 2022இல் பின்லாந்தில், 94 வயதில், அதே தூரத்தை 24.74 விநாடியில் கடந்தார். நம் மொழி பேசும் ஈழத்திலும் ஒருவர் உண்டு. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி, 72 வயதில், 2023இல் பிலிப்பைன்ஸ் சென்று தங்கத்துடன் திரும்பினார்.

இது வேடிக்கைக்காக நடத்தும் போட்டி அன்று. 1975இல் டொராண்டோவில் முதல் உலகப் போட்டி நடந்தது. 35 வயது நிரம்பிய எவரும் மூத்தோர் தடகளத்தில் பங்கேற்கலாம். ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு என்பதால் 60 வயதுக்காரர் 35 வயதுக்காரரோடு மோத வேண்டியதில்லை. ஆண்களுக்கான குண்டு 7.26 கிலோவில் தொடங்கி, 60 வயதில் 5 கிலோ, 80 வயதில் 3 கிலோ என்று குறையும். தடை ஓட்டத்தில் தடைகளின் உயரமும் இறங்கும். ஆளுக்கேற்ற அளவுகோல் வைப்பது வகுப்பறையில் நாம் அறிந்த பாடம்தானே! 2025 நவம்பரில் ஆசிய மூத்தோர் போட்டியே நம் சென்னை நேரு விளையாட்டரங்கில் நடந்தது.

இன்னொரு பெயர் பவுஜா சிங். 89 வயதில் லண்டன் மாரத்தானை ஓடினார். 2011இல் டொராண்டோவில் 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட முழுத் தூரத்தையும் எட்டு மணி நேரம் பதினோரு நிமிடத்தில் முடித்தார். அப்போது அவருக்கு வயது 100. ஆனால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. காரணம், 1911இல் பஞ்சாபில் ஒரு கிராமத்தில் பிறந்தவரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஓடிய கால்கள் இருந்தன, ஒரு தாள் இல்லை.

இந்தச் செய்தி நமக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிய தேதிதான் பிறந்த தேதி. சேர்க்க வேண்டும் என்பதற்காக ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளை எழுதிவிட்ட காலமும் இருந்தது. நம் பேனா எழுதும் ஒரு வரி எழுபது ஆண்டு கழித்தும் ஒருவரோடு வரும்.

வெள்ளாற்றங்கரையில் வயலில் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் உழைத்த பாட்டிமார்களுக்கு உடம்பில் வலு இருந்தது. ஓடிப் பார்க்க ஒரு மைதானமும், ‘ஓடு’ என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. இன்று அவர்களுடைய பேத்திகள் நம்மிடம் படிக்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் மைதானத்தை விட்டு ஒதுங்கும் பெண் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே நின்றுபோகும் கால்கள் மறுபடி ஓட 93 வயது வரை காத்திருக்க வேண்டுமா?

அதனால் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, விளையாட்டு பீரியடைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் கேட்காதீர்கள். அந்தக் கடன் திரும்பி வருவதே இல்லை.

இரண்டு, ஆண்டு விளையாட்டு விழாவில் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு 50 மீட்டர் நடைப்போட்டி வையுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். முதல் மூவருக்கு மட்டுமல்லாமல் கோட்டைத் தொட்ட அனைவருக்கும் பேரப்பிள்ளை கையாலேயே பதக்கம் அணிவிக்கச் செய்யுங்கள். முதுமையைப் பற்றிப் பத்துப் பாடம் நடத்தினாலும் அந்தப் பிள்ளைக்கு இது போல் பதியாது.

மூன்று, நாளைக் காலை மணி அடிப்பதற்கு முன் நீங்களும் மைதானத்தை இரண்டு சுற்று நடந்து வாருங்கள். பிள்ளைகள் பார்க்கட்டும். நாம் சொல்வதைவிட செய்வதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள்.