புகைக்குச் சாட்சி யார்?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"செயற்கை நுண்ணறிவு" என்று இன்று எங்கு பார்த்தாலும் பேச்சு. அதற்கும் நம்ம தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

2013-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று காலை மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746. 300-ஐத் தாண்டினாலே ஆபத்து. மூவாருக்கும் லேடாங்கிற்கும் அவசரகாலம் அறிவித்தார்கள், பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எரிந்ததோ கடலுக்கு அப்பால், சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலம். மேலே அணைந்த மாதிரி தெரியும், அடியிலே கனன்றுகொண்டே இருக்கும்.

ஒப்பந்தம் இல்லாமல் இல்லை. 2002 ஜூனில், கோலாலம்பூரிலேயே, எல்லை தாண்டும் புகைமூட்டம் பற்றி ஆசியான் நாடுகள் கையெழுத்திட்டன. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்றது 2014-இல்! மீறினால் தண்டனை என்ற பேச்சே அதில் கிடையாது. சரி, மீறியது யார் என்றாவது தெரிய வேண்டாமா?

அங்கேதான் இயந்திரம் வருகிறது. துணைக்கோள் மேலிருந்து வெப்பத்தைப் பார்த்துப் புள்ளி வைக்கும். நாள்தோறும் சுற்றிவரும் அத்தகைய துணைக்கோள் ஒன்றின் புள்ளி ஏறக்குறைய 35 ஏக்கர். அதற்குள் பெரிய தோட்டமும் இருக்கும், சிறுதோட்டக்காரர் நிலமும் இருக்கும், சூடேறிய ஆலைக் கூரையும் இருக்கும். ஆகவே கணினிக்கு ஆயிரமாயிரம் படங்களைக் காட்டி, இது எரிந்த தழும்பு, இது மேக நிழல், இது வெட்டிய காடு என்று பழக்குகிறார்கள். புது ஆளுக்கு மண்டோர் செம்பனைக் குலையின் பழுப்பைக் காட்டிக் காட்டிப் பழக்குவாரே, அதே மாதிரிதான். மந்திரம் ஒன்றுமில்லை. ரேடார் படமானால் புகையையும் மேகத்தையும் ஊடுருவி வரும்.

ஆனால் "இங்கே எரிந்தது" என்றுதான் இயந்திரம் சொல்லும். "இது இன்னார் நிலம்" என்று சொல்ல வரைபடம் வேண்டும். 2013 அக்டோபரில் ஆசியான் தலைவர்கள் புகைமூட்டக் கண்காணிப்பு முறைக்கு ஒப்புதல் தந்தார்கள். அப்போதும் வரைபடத்தை அரசுக்கு அரசு கொடுத்துக்கொள்ளலாமாம், பொதுமக்களுக்குக் காட்டச் சட்டம் இடந்தராதாம். சொன்னது இந்தோனேசியா மட்டுமல்ல, நம் மலேசியாவும்தான்!

பக்கத்துச் சிங்கப்பூர் 2014-இல் ஒரு சட்டம் செய்தது. எரிந்த இடமும் புகை வந்த திசையும் படத்தில் ஒத்துப்போனால், அந்த நிலத்தை வைத்திருக்கும் நிறுவனமே பொறுப்பு என்று அது எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். அபராதம் நாளொன்றுக்கு 1 லட்சம் வெள்ளி வரை. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஏன் தெரியுமா? தீப்பிடித்தால் முதலில் மாட்டுவது தீக்குச்சி கிழித்த கூலியாள். "கொளுத்துடா" என்று சொன்னவர் பட்டணத்தில் இருப்பார். மேலிருந்து எடுத்த படத்தில் தீக்குச்சி தெரியாது. நிலம் தெரியும்.

பிள்ளைகளே, வகுப்பில் வரைபடம் எடுத்தால் கொட்டாவி விடுகிறீர்களாம், ஆசிரியை சொன்னார்! மறுநடவுக்கு அந்தக் காலத்தில் பால்மரத்தைச் சாய்த்துக் கொளுத்தியதையும், இப்போது செம்பனையைத் துண்டாக்கி மண்ணிலேயே மக்க விடுவதையும் உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கணினிக்குப் படம் பழக்குகிறவர்களுக்கு இந்த விவரமெல்லாம் தேவைப்படுகிறது. அது அவர்களைவிட உங்கள் வீட்டுத் திண்ணையில் அதிகம் கிடைக்கும்.