மண்ணின் வரி மண்ணுக்கே!
(டோல்கேட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் இறக்கி ஏற்றப்பட்ட காலத்தில், அத்தூசியைச் சுவாசித்தோர் இராயபுரத்து மக்கள். 2011-இல் உயர்நீதிமன்ற ஆணையால் அது நின்றது. சுரங்கத்தை அடுத்த சிற்றூர்களுக்கோ இன்னும் விடிவில்லை.

ராயல்டி மீது நம் ஊராட்சிகளுக்கென விதித்த மேல்வரியை, 1989-இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. 2024 சூலையில் ஒன்பது நீதிபதிகளுள் எண்மர், ராயல்டி வரியன்று. கனிம நிலத்துக்கு வரி விதிக்கும் உரிமை மாநிலத்துக்குண்டு என்றனர். தமிழகமும் சட்டமியற்றி, 2025 ஏப்ரல் முதல் வரி விதித்தது.

மாநிலம் வென்றது, ஊர் வென்றதா? வரி வேண்டும், அதில் ஒரு பங்கு, தோண்டப்பட்ட ஊருக்கே சட்டப்படி சேரவேண்டும். நாம் சிறிய கட்சிதான். நம் கோரிக்கை சிறிதன்று!