மாடல் சொல்லும் மழையும் மழைமானி சொல்லும் மழையும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'காலநிலை மாடல்களை நம்பலாமா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எந்த வேலைக்கு என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. இது வானிலை முன்னறிவிப்பு இல்லீங்க. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, அந்தத் தேதியை மாடலில் தேடக்கூடாது. முப்பது வருஷக் கணக்கை எடுத்து, சராசரி எவ்வளவு, எந்த மாதத்தில் எவ்வளவு, கனமழை எத்தனை தடவை என்று ஒப்பிட வேண்டும்.

வெப்பநிலையில் மாடல்கள் பெரும்பாலும் பாஸ். இமயமலைப் பக்கம்தான் பல மாடல்கள் நிஜத்தைவிடக் குளிராகக் காட்டும். தகராறெல்லாம் மழையில்தான். உலக மாடல்கள் பலவற்றில் ஒரு கட்டம் சுமார் 100 கி.மீ. அகலம். மழையில் ஊறும் வால்பாறையும், மழை மறைவில் இருக்கும் கோயம்புத்தூரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். 2,695 மீட்டர் ஆனைமுடியும் சராசரியில் கரைந்து வெறும் மேடாகிவிடும். மலையே இல்லையென்றால் மழை மறைவு எங்கிருந்து வரும்? அதனால்தான் 50 கி.மீ., 25 கி.மீ. கட்டமுள்ள வட்டார மாடல்களை ஓட்டுகிறார்கள். ஆனால் அவற்றுக்கு எல்லையில் காற்றையும் ஈரத்தையும் கொடுப்பது அதே உலக மாடல்தான். அது பிசகினால் இதுவும் பிசகும்.

மாடலுக்கும் நியாயம் பேச வேண்டும். ஒரு கட்டத்தின் சராசரியை ஒற்றை மழைமானியோடு ஒப்பிட்டுத் திட்டக்கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 செ.மீ. பெய்தது, அது சுற்றுவட்டாரம் முழுவதற்குமான அளவு அல்ல. இந்திய வானிலைத் துறை 6,955 மழைமானிகளின் பதிவுகளைக் கொண்டு, 1901 முதல் தினசரி மழையைச் சுமார் 25 கி.மீ. கட்டங்களாகத் தயாரித்திருக்கிறது. அதை மாடலின் கட்ட அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவதுதான் முறை.

சமீபத்தில் கடலோர ஊர் ஒன்றின் மழைநீர் வடிகால் அறிக்கை என் மேசைக்கு வந்தது. மாடலின் ஆண்டு மழை அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். மாதவாரிக் கணக்கைக் கேட்டு வாங்கினேன். நவம்பரில் பாதிகூட வரவில்லை; ஜூலை, ஆகஸ்டில் தினமும் தூறிக்கொண்டே இருந்தது! வடகிழக்குப் பருவமழைக்கு வடிகால் கட்டுகிறவனுக்கு இந்தக் கூட்டுத்தொகை எதற்கு?

"ஒரு காரணியால் பெருக்கிச் சரிசெய்துவிடலாம் சார்" என்றார் தயாரித்தவர். பழைய வருஷங்களுக்குச் சரியாகத்தான் வரும். பாதி வருஷங்களில் காரணியைக் கண்டுபிடித்து, மீதிப் பாதியில் சோதித்துக் காட்டுங்கள் என்று திருப்பி அனுப்பினேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை. நீர்வளத் துறையிலும் மின்வாரியத்திலும் இருக்கும் நம்ம ஆட்கள், பழைய மழைப் பதிவேடுகளைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுடாதீங்க. மணிவாரிப் பதிவு இருந்தால் இன்னும் விசேஷம். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.